பதறாதே என்று பதறுகிறவர்

உலகத்தில் பதறுகிறவர்கள் ஒரு ரகம், பதறாதவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாராலும் யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. முன்னவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தால் போதும். பின்னவருக்கு அதுவும் வேண்டாம். வீட்டைத் தலைகீழாக்குகிறவர் மூன்றாவது ரகம். அவர்தான் ‘பதறாதே’ என்று சொல்கிறவர்.

பார்த்திருப்பீர்கள். மின்சாரம் போகும். இருட்டில் அவரவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மெழுகுவத்தியைத் தேடப் போயிருப்பார். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் எழும்: “யாரும் பதறாதீங்க! இருந்த இடத்துலயே இருங்க! நான் இருக்கேன்!” உடனே ஒருவர் எழுந்து இன்னொருவர் காலை மிதிப்பார், நாற்காலி சாயும், தண்ணீர்க் குடம் கவிழும். குழந்தை படியில் தடுக்கி விழும். விழுந்த குழந்தை முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து போகத்தான் நினைத்திருக்கும். நான்கு வீடு தள்ளியிருந்து இவர் கையை விரித்துக்கொண்டு ஓடி வருவார்: “ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல! அழாதே!” ஓகோ, அழ வேண்டிய சமாசாரமா இது என்று அப்போதுதான் குழந்தைக்கு விளங்கும். பிறகு அது விடுமா?

இந்த ரகத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். உத்தியோகம், ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் தீத்தடுப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை மணியடித்து, எல்லா மாடிக்காரர்களையும் படி வழியாகக் கீழே இறக்கி, ஒத்திகை நடத்துவது அவர் வேலை. கையில் ஒலிபெருக்கிக் குழாய் இருக்கும். “ஓடாதீங்க! தள்ளாதீங்க! பயப்பட எதுவுமே இல்லை!” என்று அவர் அதில் முழங்குகிற முழக்கத்தில், உண்மையிலேயே தீப்பிடித்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு ஓடியவர்களும் தள்ளியவர்களும் உண்டு. அந்தக் கட்டடத்தில் இன்றுவரை நெருப்பால் ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. ஒத்திகையால் கணுக்கால் பிசகியவர்கள்தாம் சிலர். எல்லோரும் கீழே வந்து சேர்ந்ததும் நம்மவர் இரண்டு முறை பலமாகக் கைதட்டி, “ஒத்திகை முடிஞ்சது!” என்று அறிவிப்பார். அதற்குப் பிறகு டீயும் பிஸ்கட்டும் வரும். அந்தக் கைத்தட்டலுக்காகவே ஒத்திகைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்கள் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தும் நெற்றியில் ஒரு சுருக்கம் விழாதவர். இப்படிப்பட்டவருக்கு இப்படிப்பட்ட கணவர் எப்படி வாய்த்தார் என்று கேட்காதீர்கள். ஆண்டவன் கணக்கை நாம் சரிபார்க்க முடியாது. கல்லூரிக்குப் போகிற மகள் ஒருத்தி, அம்மா ஜாடை, அம்மா குணம். நாலாவதாக மேனேஜர்.

மேனேஜர் என்பது பூனை. நாளெல்லாம் தூங்குவதாலும், விழிக்கிற நேரத்தில் மற்றவர்கள் வேலை செய்கிறார்களா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போவதாலும் கிடைத்த பட்டம். பட்டத்துக்குரிய மரியாதையோடு நாமும் ‘அவர்’ என்றே சொல்வோம். அந்த வீட்டில் நம்மவரிடம் ‘கொஞ்சம் வாயை மூடுங்க’ என்று ஒருநாளும் சொல்லாத ஒரே ஜீவன் மேனேஜர்தான். அதனால் நம்மவருக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

அப்படிப்பட்ட மேனேஜர் திடீரென்று சாப்பாட்டைப் பாதியில் விட்டார். ஒரு பக்கமாகவே மென்றார். தாடைக்குக் கீழே ஒரு வீக்கம் தெரிந்தது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

முதல் தடவை கூட்டிப் போன கதையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், அந்த வீட்டார் சிரிக்க மாட்டார்கள். பரணிலிருந்து தூசியோடு பூனைக் கூடையை இறக்கினார்கள். அது இறங்கிய சத்தத்திலேயே மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தார். நம்மவர் டார்ச்சோடு தவழ்ந்து போய், “பயப்படாதே செல்லம்! பயப்படாதே!” என்று ஒத்திகைக் குரலில் கொஞ்சினார். கட்டிலே அதிர்ந்தது. கடைசியில் போர்வையைப் போட்டு அமுக்கி, தலைகீழாகத் திணித்து, கதவைச் சாத்தி, வழி முழுக்க “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே போனார்.

“ஏங்க, நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்லத்தான் என்னமோ இருக்குன்னு அதுக்குத் தோணுது” என்றார் மனைவி.

டாக்டரம்மாவின் மேஜைமேல் மேனேஜர் இரண்டு மடங்காக உப்பி நின்றார். முடியெல்லாம் குத்திட்டு, கண்ணெல்லாம் கறுத்து, கிட்டே போன கையில் இரண்டு கோடு போட்டார். டாக்டரம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வாயைத் திறந்து பாக்காம நான் எதுவும் சொல்ல முடியாது. பல்லா இருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம். இப்போதைக்கு வலிக்கு மருந்து எழுதித் தரேன். ஆனா நாளைத் தள்ளாதீங்க. பதற்றமில்லாம கூட்டிட்டு வாங்க.”

‘வேற ஏதாவது’ என்ற இரண்டு வார்த்தையை நம்மவர் வீட்டுக்குச் சுமந்து வந்தார். மேனேஜரோ இரண்டு நாள் அவர் இருக்கிற அறைக்கே வரவில்லை. எது அதிகமாக வலித்தது என்று நம்மவருக்கே தெரியவில்லை.

“அடுத்த தடவை நீங்க வர வேண்டாம். நானும் பாப்பாவும் போயிட்டு வரோம்” என்றார் மனைவி.

“நான் இல்லாமயா?”

“நீங்க இல்லாம.”

“பதற்றத்தைக் குறைக்கிறதுதாம்மா என் தொழிலே!” என்று அவர் போட்ட சத்தத்தில் ஜன்னலோரப் புறா பறந்து போனது. மனைவி இரக்கப்பட்டு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்.

கிடைத்த வாய்ப்பை நம்மவர் விடுவாரா? பூனைகளின் மனசைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்களோ எல்லாவற்றையும் தேடிப் படித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். படித்ததைச் சரியாகவும் செய்தார். மேல் மூடி தனியாகக் கழலக்கூடிய புதுக் கூடை ஒன்று வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு, கூடத்தின் நடுவில் வைத்தார். துவைக்காத தன் பழைய ஸ்வெட்டரை உள்ளே மடித்துப் போட்டார், பழகிய வாசனை பூனைக்குத் தைரியமாம். மீன் துண்டுகளைக் கூடைக்கு வெளியே ஒன்று, வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று என்று வைத்தார். மூன்றாம் நாள் மேனேஜர் தலையை விட்டார். ஒரு வாரத்தில் உடம்பையும் விட்டார். அதற்கடுத்து, அது என் அறை, கதவைத் தட்டிவிட்டு வாருங்கள் என்கிற தோரணையில் அங்கேயே குடியேறினார். பிறகு கதவை மாட்டி, மூடி, தூக்கி, நின்ற காரில் வைத்து, ஓடுகிற காரில் வைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாம் நடந்தது. ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும், பழக்க தோஷம், நம்மவர் இரண்டு முறை கைதட்டுவார். “ஒத்திகை முடிஞ்சது!” கதவு திறக்கும், மேனேஜர் ஒரே தாவலில் வெளியே வருவார், மீன் கிடைக்கும்.

மேனேஜருக்குப் பதற்றம் தீர்ந்தது. மற்றவர்களுக்கு ஆரம்பித்தது. வீட்டில் யாரும் செருப்பு உரச நடக்கக் கூடாது. அழைப்பு மணிக்குத் துணி சுற்றப்பட்டது. மிக்சியை ஓட்டுவதென்றால் மொட்டை மாடிக்குக் கொண்டு போக வேண்டும். மகள் தோழியோடு பேசிச் சிரிக்க வேண்டுமானால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். யாராவது தும்மினால் நம்மவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, தும்மலைவிடப் பெரிய ‘உஸ்ஸ்’ ஒன்று போடுவார்.

குறித்த நாள் வந்தது. பயணத்தில் வயிற்றைக் கலக்காமல் இருக்க மேனேஜருக்குக் காலைச் சாப்பாடு நிறுத்தப்பட்டது. அதற்குத் துணையாக நம்மவரும் பட்டினி. சட்டைப் பித்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் இரண்டு நிறக் காலுறையோடு புறப்பட்டார். கூடையைக் கைப்பிடியில் தூக்கி ஆட்டாமல், அடியில் இரண்டு கையையும் கொடுத்து, பாதி மறைக்கிற மாதிரி துண்டு போர்த்தி, பாற்குடம் எடுத்துப் போகிற மாதிரி கொண்டு போய் முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஆடாமல் வைத்தார். அதிலெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அது டிரைவிங் ஸ்கூல் கார். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார் என்று நான் சொல்ல வேண்டுமா?

“காலை எடுங்க” என்றார் மனைவி.

“முன்னாடி சைக்கிள்!”

“அது நின்னுக்கிட்டு இருக்கிற சைக்கிள். காலை எடுங்க.”

“வேகத்தடை!”

“அதுக்குத்தான் நானும் மிதிச்சிருக்கேன். ரெண்டு பேரும் மிதிச்சா வண்டி குட்டிக்கரணம்தான் போடும்.”

பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. நம்மவர் திரும்பிப் பார்த்தார். “பாப்பா! என்ன சத்தத்தையே காணோம்? மூச்சு விடுதா பாரு!”

“அப்பா, குறட்டை விடுது.”

ஆஸ்பத்திரிக் கூடத்தில் வயதான ஒருவர் தம் பெரிய நாயோடு உட்கார்ந்திருந்தார். நாய் பாதித் தூக்கத்தில் இருந்தது. கூடையைத் தரையில் வைக்காமல் உயரமான பலகையில், நாயைப் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள் மகள். அதோடு முடிந்திருக்கும். நம்மவர் நாய்க்காரரிடம் போய்க் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “தயவுசெய்து பதறாதீங்க. ஒரு பூனை வந்திருக்கு.”

நாய் எழுந்து உட்கார்ந்தது. நாய்க்காரர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். “ஏன் சார்? ஏதாவது ஒட்டிக்கிற வியாதியா?”

நல்ல வேளையாக உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பூனையை வெளியே இழுக்கவில்லை. கூடையின் மேல் மூடியை மட்டும் கழற்றி எடுத்தார். அடிப்பாதியில், பழைய ஸ்வெட்டர்மேல், மேனேஜர் பட்டாபிஷேகத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். மேனேஜரும் கண்ணை மூடித் திறந்தார். விரல் தாடைக்கு அடியில் போனது. ஒரு முறைப்புக்கூட இல்லை. நம்மவர் மூச்சு விடாமல் நின்றார். இன்னும் ஒரு நொடி, வாய் திறந்துவிடும், அந்த ‘வேற ஏதாவது’ இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

“போன தடவை பாத்த பூனையா இது?” என்றார் டாக்டரம்மா. “ரொம்ப நல்லா பழக்கியிருக்கீங்க சார்.”

இந்தப் பாராட்டுதான் வினையாகிப் போனது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் நம்மவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. நெஞ்சு விம்மியது, கண் கலங்கியது, கைகள் தாமாகவே உயர்ந்தன. இரண்டு முறை, பலமாக, தட்டிவிட்டார்.

ஒத்திகை முடிந்தது! மேனேஜர் ஒரே தாவலில் வெளியே வந்தார். மீன் எங்கே? மீன் இல்லை. முன்னால் இருந்தது கருவிகள் வைத்த எவர்சில்வர் தட்டு. அது தரையில் விழுந்து போட்ட சத்தத்தில் வெளியே நாய் குரைத்தது, நாய்க்காரர் கத்தினார், மேனேஜர் மேஜையிலிருந்து மருந்து அலமாரியின் உச்சிக்குப் பறந்தார். நம்மவரின் வாய் திறந்துகொண்டது.

“யாரும் பதறாதீங்க! ஓடாதீங்க! கதவை மூடுங்க! இல்ல, கதவைத் திறங்க! எல்லாரும் வரிசையா வெளியேறுங்க!”

அலமாரி உச்சியில் மேனேஜர் இரண்டு மடங்காக உப்பினார்.

“சார்” என்றார் டாக்டரம்மா, “நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க.”

“நான் போயிட்டா அது பயந்துடுமே!”

மனைவி ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தாத மாணவர்களுக்கென்று அவர் வைத்திருக்கிற பார்வை அது. நம்மவர் வெளியே போனார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தார். நெருங்கி வந்த நேரத்தில் நானே கெடுத்துவிட்டேன், இனி அது யாரையும் கிட்டே விடாது, அந்த வீக்கம் என்னவென்று தெரியாமலே போகப்போகிறது. பயம் அவரைப் பிடித்து உலுக்கியது. நிஜமான பயம், அதைக் கத்தித் தீர்க்கவும் அங்கே வழியில்லை. பெரிய நாய் அவருடைய காலோரம் வந்து சாய்ந்தது. அது வரையில் நன்றாகத்தான் இருந்தது. அப்போது நாய்க்காரர் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கி, காதோரம் கத்தினார்: “பதறாதீங்க சார்! ஒண்ணும் ஆகாது! பதறாதீங்க!”

நம்மவருக்கு உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு இரட்டிப்பாக அடித்துக்கொண்டது. இந்த மனிதர் ஏன் இப்படிச் சொல்கிறார்? உள்ளே என்னவோ ஆகிவிட்டதென்று இவருக்குத் தெரியுமோ? என்று நினைத்து முடிப்பதற்குள், தான் வாழ்நாள் முழுதும் ஊருக்குச் செய்துவந்த உபகாரம் இன்னதென்று அவருக்கு விளங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. நாயின் தலையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. மனைவி கூடையோடு வந்தார். “கடைவாய்ப் பல் ஒண்ணு கெட்டுப்போயிருக்கு. அதுல சீழ் கட்டித்தான் வீக்கம். மருந்து கொடுத்திருக்காங்க. அடுத்த வாரம் பல்லை எடுத்துட்டா சரியாப் போயிடும்.”

“வேற ஏதாவது…?”

“வேற எதுவும் இல்ல.”

நம்மவர் நாயைக் கட்டிக்கொண்டார். நாய் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது.

“எப்படி இறக்கினீங்க?”

“நாங்க எதுவுமே செய்யலப்பா” என்றாள் மகள். “கூடையை அப்படியே வெச்சுட்டு, மூணு பேரும் சுவர் பக்கம் திரும்பி நின்னோம். அதுவா தட்டுத் தட்டா இறங்கி வந்து உள்ள போய் உக்காந்துடுச்சு. உங்க ஸ்வெட்டர்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு.”

நம்மவரின் முகம் மலர்ந்தது. “பாத்தியா! நான்னா அதுக்கு அவ்வளவு தைரியம்!”

“ஸ்வெட்டர் பேசாதுங்க” என்றார் மனைவி.

அந்த ஒரு வாரமும் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பின் அறையில் ஜன்னலோரமாக நம்மவரின் சாய்வு நாற்காலி வந்தது. அதில் அவருடைய பழைய போர்வை மடித்துப் போடப்பட்டது. தினமும் அவர் அங்கே போனால், கேட்காமலே டீ வந்தது. தட்டில் அவருக்குப் பிடித்த க்ரீம் பிஸ்கட். முதல் நாள் அறை வாசலில் வைத்துக் கொடுத்தார்கள், அடுத்த நாள் நாற்காலிக்குப் பக்கத்தில். மனைவி தாழ்ந்த குரலில் பேசினார், மகள் கால் உரசாமல் நடந்தாள். கதவை முதலில் பாதி சாத்தினார்கள், பிறகு முழுதாக. ‘கடைசியில் இந்த வீட்டுக்கு அமைதியின் அருமை புரிந்துவிட்டது’ என்று நம்மவர் மகிழ்ந்துபோனார். அந்த நாற்காலியில் அவர் ஒரு தனி சுகம் கண்டுவிட்டார். பல் எடுக்கிற நாளன்று காலை, கவலையில் பல ராத்திரி தூங்காதவர், டீயைக் குடித்து, இரண்டு பிஸ்கட்டைத் தின்று, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணயர்ந்தார்.

விழித்தபோது உச்சி வெயில். வீட்டில் ஒரு சத்தமில்லை. என்னமோ உறைத்து அவர் எழுந்திருக்கவும், வாசல் பக்கமிருந்து இரண்டு முறை கைத்தட்டல் கேட்டது.

“ஒத்திகை முடிஞ்சது!” என்றது மனைவியின் குரல்.

கூடத்தில் கூடைக் கதவு திறந்தது. பல் போன மேனேஜர், மயக்கம் முழுதும் தெளியாமல், ஆடி ஆடி வெளியே வந்தார். பின் அறைக் கதவும் திறந்தது. நம்மவரும் தூக்கம் கலையாமல் ஆடி ஆடி வெளியே வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் அவர் காலில் முதுகை உரசிக்கொண்டு, வாலைத் தூக்கி நின்றார்.

“என்னை ஏன் கூப்பிடல?” என்று நம்மவர் கேட்க வாயெடுத்தார். மனைவி ஒருவருக்கு மசித்த மீனும் ஒருவருக்குப் பிஸ்கட்டும் கொடுத்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இந்தக் கதையை நீங்கள் எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? வசதியான நாற்காலியா? பக்கத்தில் சூடாக ஏதாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா, நீங்கள் கேட்காமலே? வீட்டில் கொஞ்ச நாளாக எல்லோரும் உங்களிடம் தாழ்ந்த குரலில், இதமாகப் பேசுகிறார்களா? இந்தப் புத்தகத்தைக்கூட, ‘நல்லா இருக்கும், உக்காந்து நிம்மதியா படிங்க’ என்று யாரோ கையில் கொடுத்தார்கள், இல்லையா?

வாசலில் செருப்புகள் இருக்கின்றனவா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். மெதுவாக. பதறாமல்.